நல்ல சாஃப்ட்வேரை பிரவுசர் ஏன் தடுக்குது? ஒரு டீச்சரோட கேள்விக்குப் பதில்

கணக்கு டீச்சர் ஒருத்தங்க எழுதியிருக்காங்க, பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. வருஷா வருஷம் ஸ்கூல் டைம்டேபிள் போடற வேலை அவங்க தலைலதான் விழுமாம், அதனால சொந்தமா பைத்தான் கத்துக்கிட்டு, ஒரே நேரத்துல ஒருத்தருக்கு ரெண்டு கிளாஸ் விழாம, லேப் பீரியட் மோதாம, தானா பிரிச்சுத் தர்ற ஒரு சின்ன விண்டோஸ் சாஃப்ட்வேர் எழுதியிருக்காங்க. இலவசமா சொந்த சைட்டுல போட்டு, தெரிஞ்ச மத்த ஸ்கூலுக்கெல்லாம் லிங்க் அனுப்பியிருக்காங்க. அங்கதான் பிரச்சனை ஆரம்பிச்சிருக்கு. ஒரு ஸ்கூல்ல குரோம் "இந்த ஃபைலை அதிகம் பேர் டவுன்லோட் பண்றதில்ல, ஆபத்தா இருக்கலாம்"னு நிறுத்துது. இன்னொரு எடத்துல "பாதுகாப்பா டவுன்லோட் பண்ண முடியாது"ன்னு வருது. வேறொருத்தருக்கு டவுன்லோட் ஆயிருச்சு, ஓபன் பண்ணப் போனா நீலக் கலர் பெட்டி வந்து விண்டோஸ் தடுத்துருச்சுன்னு சொல்லுது. ஒரே ஃபைலை பல ஆன்டிவைரஸ் ஸ்கேனர்ல சோதிச்சுக் காட்டற வைரஸ்டோட்டல்ங்கற சைட்டுல ஏத்திப் பாத்தா எழுபது சொச்சம் ஸ்கேனர்ல நாலு மட்டும் சிவப்பு.

இதைச் சமாளிக்க அவங்க நாலு வேலை பண்ணியிருக்காங்க. ஃபைலை பாஸ்வேர்ட் போட்ட ஜிப்பா மாத்தினாங்க. "டவுன்லோட் பண்றதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸையும் பிரவுசர் பாதுகாப்பையும் ஆஃப் பண்ணிக்கங்க"ன்னு சைட்டுல பெருசா எழுதி வெச்சாங்க. டொமைனை, அதாவது சைட்டோட பேரை, மாத்தினாங்க. நண்பர் ஒருத்தர் சொன்னாருன்னு, ஃபைலை வெளியிட்டது யாருன்னு காட்டற டிஜிட்டல் சர்டிபிகேட் ஒண்ணைத் தானே உருவாக்கி, அதை வெச்சு ஃபைலுக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போட்டாங்க. ஒண்ணும் எடுபடல. "என் சைட்டு எச்டிடிபிஎஸ், என் புரோகிராம் சுத்தம், அப்பறம் எதுக்கு இந்த அவமானம்? பெரிய கம்பெனிங்க சின்ன ஆளுங்கள வளர விடாம பண்றாங்களா? காசு கொடுத்து சர்டிபிகேட் வாங்கினா மறுநாளே சரியாயிடுமா? கேஸ் போட முடியுமா?" இதெல்லாம் அவங்க கேள்வி.

டீச்சர், உங்க கோவம் எனக்குப் புரியுது. சாஃப்ட்வேர் செக்யூரிட்டிலயே இத்தன வருஷமா இருக்கறதால, உங்கள மாதிரி தனியா உக்காந்து நல்ல ஒண்ணைச் செஞ்சவங்க இந்த சிவப்புப் பெட்டியைப் பாத்து நொந்துபோறதை அடிக்கடி பாக்கறேன். உங்க மேல தப்பு இல்லைங்கறதும் பெரும்பாலும் உண்மையாத்தான் இருக்கும். ஆனா நீங்க எடுத்த நாலு வழில மூணு, பிரச்சனைய இன்னும் இறுக்கிருச்சு, அந்த "ஆஃப் பண்ணிக்கங்க" அறிவிப்பு உங்கள நம்பி வர்றவங்களுக்கே ஆபத்து. அதுல இருந்து ஆரம்பிக்கலாம்.

அந்த அறிவிப்பை இன்னைக்கே எடுங்க

உங்க ஃபைல் நல்ல ஃபைல்தான், சரி. ஆனா உங்க பேச்சைக் கேட்டு பாதுகாப்பை ஆஃப் பண்ற கிளார்க், உங்க சாஃப்ட்வேர இன்ஸ்டால் பண்ணிட்டு மறக்காம மறுபடி ஆன் பண்ணுவாங்கன்னு என்ன நிச்சயம்? அதே கம்ப்யூட்டர்ல பசங்களோட மார்க், அட்ரஸ், பேரண்ட்ஸ் போன் நம்பர் எல்லாம் இருக்கும். அடுத்த வாரம் மெயில்ல வர்ற பொய்யான பில் அட்டாச்மென்ட்டைத் தடுக்க அங்க எதுவும் இருக்காது. இன்னொண்ணு, கிராக் பண்ணின சாஃப்ட்வேர்ல வைரஸ் வெச்சு விக்கறவங்க எழுதற வாசகம் அச்சு அசலா இதுதான், "ஆன்டிவைரஸ் ஆஃப் பண்ணிக்கங்க, இது தப்பான அலாரம்". படிக்கறவங்களால உங்களையும் அவங்களையும் எப்படிப் பிரிச்சுப் பாக்க முடியும்?

பாஸ்வேர்ட் போட்ட ஜிப்பும் இதே கதைதான். உள்ள என்ன இருக்குன்னு பிரவுசருக்குத் தெரியாம இருந்தா விட்டுடும்னு நெனச்சிருக்கீங்க, நடக்கறது நேர்மாறு. மால்வேர், அதாவது கெடுதல் பண்ற சாஃப்ட்வேர், பரப்பறவங்க ஸ்கேனருக்குத் தப்பிக்க பல வருஷமா பண்ற வேலை அது, அதனால பாஸ்வேர்ட் போட்ட ஆர்க்கைவ்னாலே பிரவுசர் சந்தேகத்தோடதான் பாக்கும். சாதாரண ஜிப்பா, இல்லன்னா நேரடி இன்ஸ்டாலரா போடுங்க, உள்ள பாக்கட்டும். டொமைன் மாத்தினதும் நஷ்டம்தான். பழைய பேர்ல கொஞ்சமாவது சேந்திருந்த நம்பிக்கையெல்லாம் போச்சு, நேத்து பொறந்த டொமைன்ல இருந்து வர்ற இஎக்ஸ்இ ஃபைல்னா (விண்டோஸ்ல நேரா ஓடற புரோகிராம் ஃபைல்) யாரா இருந்தாலும் ஒரு கணம் நின்னு பாக்கத்தான் செய்வாங்க. ஒரே டொமைன்ல, ஒரே பாதைல உக்காருங்க. சுருக்கின லிங்க், டிரைவ் லிங்க்னு அலையாதீங்க.

மூணு மெசேஜும் ஒண்ணு இல்ல

கடிதத்துல நீங்க மூணையும் ஒரே "பிளாக்"னு எழுதியிருக்கீங்க, ஆனா காரணம் ஒவ்வொண்ணுக்கும் வேற, மருந்தும் வேற.

"பாதுகாப்பா டவுன்லோட் பண்ண முடியாது"ங்கறது மூணுலயும் சுலபமானது. பக்கம் எச்டிடிபிஎஸ்ல இருக்கும், ஆனா டவுன்லோட் பட்டன் பின்னாடி இருக்கற லிங்க் பழைய எச்டிடிபியா இருக்கும், இல்ல நடுவுல எங்கயோ எச்டிடிபி வழியா திருப்பி விடும். இப்படிக் கலந்து வர்ற டவுன்லோடை குரோம் 2020ல இருந்து படிப்படியா தடுக்க ஆரம்பிச்சிருச்சு, ஃபயர்ஃபாக்ஸ் 2021ல சேந்துக்கிச்சு. ஃபைல் நல்லதா கெட்டதாங்கற பேச்சே இதுல இல்ல, வழில யாராவது மாத்தி வெச்சிருக்கலாம்ங்கறதுதான் பயம். லிங்க்கைத் திருத்தினா முடிஞ்சது. இதோட சேத்து ஒண்ணு, எச்டிடிபிஎஸ் இருந்தா ஃபைல் சுத்தம்னு அர்த்தம் இல்ல. அந்த டொமைன்ல இருந்துதான் வந்துச்சு, வழில யாரும் தொடலங்கறது மட்டும்தான் அதோட உத்தரவாதம். மால்வேர் சைட்டும் எச்டிடிபிஎஸ்லதான் ஓடுது.

"அதிகம் பேர் டவுன்லோட் பண்றதில்ல"ங்கறது வேற. நீங்க பட்டனை அழுத்தின அந்த ரெண்டு மூணு செகண்ட்ல என்ன நடக்குதுன்னு பாருங்க: ஃபைல் இறங்கி முடிச்சதும் குரோம் அதோட எஸ்எச்ஏ-256 மதிப்பைக் கணக்குப் பண்ணும். அது ஃபைலோட மொத்த உள்ளடக்கத்தையும் பிழிஞ்சு எடுத்த 64 எழுத்து, ஒரே ஒரு பைட் மாறினாலும் முழுசா வேற 64 எழுத்து வரும். அதையும், எந்த அட்ரஸ்ல இருந்து வந்துச்சு, எவ்வளவு சைஸு, யார் கையெழுத்து போட்டிருக்காங்கங்கறதையும் சேத்து, ஆபத்தான சைட்டு, ஃபைலையெல்லாம் கண்டுபிடிக்கற கூகுளோட சேஃப் பிரவுசிங் சேவையோட சர்வருக்கு அனுப்பிக் கேக்கும். அங்க உங்க ஃபைலுக்குன்னு ஒரு சரித்திரமே இல்ல. கெட்டதுன்னு பதில் வரல டீச்சர், தெரியாதுன்னுதான் வருது. ஃபயர்ஃபாக்ஸும் விண்டோஸ் புரோகிராம்களுக்கு இதே சேஃப் பிரவுசிங்கைத்தான் கேக்கும். எட்ஜ் மட்டும் மைக்ரோசாஃப்டோட அதே மாதிரி சேவையான ஸ்மார்ட்ஸ்கிரீனைக் கேக்கும், அதனாலதான் ஒரே ஃபைல் ஒண்ணுல போகும், இன்னொண்ணுல நிக்கும்.

2024ல இருந்து குரோம் இதை ரெண்டு படியா காட்டுது. சந்தேகம்னு ஒண்ணு, ஆபத்துன்னு ஒண்ணு. சந்தேகம்னா தகவல் பத்தலன்னு அர்த்தம், ஆபத்துன்னா கெட்டதுன்னு கூகுள் உறுதியா நம்புது. உங்களுக்கு வர்றது முதல் வகை. இந்த வித்தியாசத்தை உங்க யூசர்ஸுக்கும் சொல்லிக் கொடுக்கணும், அதுக்கு கடைசில வர்றேன்.

நீலப் பெட்டி பிரவுசரோடதே இல்ல, விண்டோஸோடது. இணையத்துல இருந்து எந்த ஃபைல் இறங்கினாலும் பிரவுசர் அது மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டு ஒட்டும், உள்ள "ஸோன்ஐடி=3"ன்னு ஒரு வரி இருக்கும், மூணுன்னா இன்டர்நெட். அதைப் பாத்ததும் ஓபன் பண்ற நேரத்துல விண்டோஸ் மறுபடி ஸ்மார்ட்ஸ்கிரீனைக் கேக்கும். பென் டிரைவ்ல கொண்டு போய்க் கொடுத்தா ஏன் சில நேரம் எச்சரிக்கை வரலன்னு கேட்டிருந்தீங்க, பென் டிரைவ்ல பெரும்பாலும் அந்தச் சீட்டு ஒட்டாது, அவ்வளவுதான். இதை ஒரு வழியா பயன்படுத்தாதீங்க, பென் டிரைவ்ல சுத்தறது என்னென்னன்னு உங்களுக்கே தெரியும்.

முதல்ல உங்க ஃபைலையே சந்தேகப்படுங்க

இது கேக்க கஷ்டமா இருக்கும், ஆனா "தப்பான அலாரம்"னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சே ஆகணும். 2023 மார்ச்ல த்ரீசிஎக்ஸ்ங்கற ஆபீஸ் போன் சாஃப்ட்வேருக்கு நடந்தது நல்ல பாடம். உண்மையான கம்பெனி, உண்மையான கையெழுத்து, உண்மையான அப்டேட். செக்யூரிட்டி சாஃப்ட்வேர் கத்த ஆரம்பிச்சப்போ முதல்ல பாத்தவங்க பல பேர் தப்பான அலாரமா இருக்கும்னுதான் நெனச்சாங்க. கடைசில பாத்தா கம்பெனியோட பில்டு பண்ற எடத்துலயே, அதாவது கோடை ஓடற புரோகிராமா மாத்தற எடத்துலயே, யாரோ புகுந்து உள்ள விஷத்தை வெச்சிருந்தாங்க. எழுதினவங்க நல்லவங்கங்கறதுக்கும் ஃபைல் சுத்தம்ங்கறதுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு, அந்த இடைவெளி உங்க கம்ப்யூட்டரா இருக்கலாம், உங்க ஹோஸ்டிங்கா இருக்கலாம்.

அதனால உங்க மெஷின்ல பில்டு பண்ணின ஃபைலோட எஸ்எச்ஏ-256 எடுங்க, விண்டோஸ்லயே இருக்கற பவர்ஷெல்ல கெட்-ஃபைல்ஹேஷ்னு (Get-FileHash) கமாண்டு இருக்கு, ஒரு வரிதான். அப்பறம் வேற கம்ப்யூட்டர்ல இருந்து உங்க சைட்டுல போய் நீங்களே டவுன்லோட் பண்ணி அதோடதையும் எடுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கா? இல்லன்னா உங்க சர்வர்ல யாரோ கை வெச்சிருக்காங்க, அப்ப பிரவுசர் உங்களுக்கு உதவி பண்ணிருக்கு. ஒண்ணா இருந்தா அடுத்து, வைரஸ்டோட்டல்ல அந்த நாலு சிவப்பும் என்ன பேர் சொல்லுதுன்னு பாருங்க. ஜெனரிக், ஹியூரிஸ்டிக், எம்எல் இந்த மாதிரி வார்த்தைங்க இருந்தா அது ஊகம், தோற்றத்தைப் பாத்து சொல்றது. நாலுல ரெண்டு மூணு ஒரே குறிப்பிட்ட மால்வேர் குடும்பத்தோட பேரைச் சொன்னா நிறுத்திடுங்க, ஃபைலை சைட்டுல இருந்து எடுத்துட்டு பில்டு மெஷினை முழுசா சோதிங்க. வைரஸ்டோட்டல்ல ஏத்தற ஃபைல் செக்யூரிட்டி கம்பெனிங்களோட பகிரப்படும்ங்கறதும் ஞாபகத்துல இருக்கட்டும், ஸ்கூலோட நெஜமான டேட்டா உள்ள இருக்கற ஃபைல அங்க ஏத்தவே ஏத்தாதீங்க.

உங்க விஷயத்துல ஊகமாத்தான் இருக்கும்னு நான் நெனைக்கறேன், ஏன்னா பைத்தான் கோடை இஎக்ஸ்இயா மாத்தற பைஇன்ஸ்டாலர்ல ஒத்தை ஃபைலா பில்டு பண்ணதா எழுதியிருக்கீங்க. அந்த ஒன்ஃபைல் முறைல, இஎக்ஸ்இயை ஓபன் பண்ணதும் அது தன்னோட வயித்துக்குள்ள இருக்கறதையெல்லாம் டெம்ப் ஃபோல்டர்ல கொட்டி அங்க இருந்து ஓடும். பல மால்வேரும் அப்படித்தான் ஓடும். போதாக்குறைக்கு மால்வேர் எழுதறவங்களும் பைஇன்ஸ்டாலரையே பயன்படுத்தறதால, எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கற அந்த ஆரம்பப் பகுதியையே சில ஸ்கேனர் அடையாளம் வெச்சுக்குது. ஒன்டிர் முறைக்கு மாறுங்க, ஃபோல்டரா வரும், அதை ஒரு ஒழுங்கான இன்ஸ்டாலர்ல போடுங்க. சைஸைக் குறைக்க யுபிஎக்ஸ்ங்கற சுருக்கற கருவியைப் போட்டிருந்தா எடுத்துருங்க, சுருக்கி மறைக்கற எதுவும் சந்தேகத்தைக் கூட்டும். முடிஞ்சா அந்த ஆரம்பப் பகுதியை நீங்களே கம்பைல் பண்ணிக்கங்க. புராடக்ட் பேர், வெர்ஷன், வெளியிட்டவர் பேர் எல்லாம் ஃபைலோட விவரத்துல நிரப்புங்க. இதுலயே நாலு சிவப்பு ஒண்ணு ரெண்டா குறையறதைப் பல தடவ பாத்திருக்கேன்.

கையெழுத்து எதுக்கு உதவும், எதுக்கு உதவாது

நண்பர் சொல்லி நீங்களே உருவாக்கின சர்டிபிகேட் உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் செல்லும். மத்தவங்க விண்டோஸுக்கு அதை யார் கொடுத்தாங்கன்னே தெரியாது. விண்டோஸ் ஏத்துக்கற சான்றளிப்பு நிறுவனத்துக்கிட்ட வாங்கினாத்தான் மதிப்பு, அவங்க உங்க அடையாளத்தைச் சரிபாத்துத்தான் கொடுப்பாங்க. தனிநபர் பேர்லயும் வாங்கலாம், கம்பெனி வெச்சிருக்கணும்னு இல்ல.

மறுநாளே சரியாயிடுமான்னா, ஆகாது. முன்னாடி ஈவிங்கற ஒசந்த வகை சர்டிபிகேட் இருந்தா ஸ்மார்ட்ஸ்கிரீன் உடனே வழி விடும், இன்னைக்கும் அதைச் சொல்லி விக்கறவங்க இருக்காங்க. 2024ல மைக்ரோசாஃப்ட் அந்தச் சலுகையை எடுத்துருச்சு, இப்ப சாதாரண வகை, ஈவி ரெண்டுக்கும் நம்பிக்கை மெதுவாத்தான் சேரும். அதனால இதுக்காக மட்டும் விலை கூடின வகையை வாங்காதீங்க. பின்ன எதுக்கு கையெழுத்துன்னா, அது இல்லாம நீங்க ஒவ்வொரு தடவ புது வெர்ஷன் விடும்போதும் எஸ்எச்ஏ மாறும், முதல்ல இருந்து "தெரியாத ஃபைல்" ஆயிடுவீங்க. கையெழுத்து இருந்தா நம்பிக்கை உங்க பேர்ல சேரும், அடுத்த வெர்ஷனுக்கும் கூடவே வரும். இதுதான் நீங்க எழுதின நாலஞ்சு வருத்தத்துக்கும் அடிப்படையான வைத்தியம், மெதுவான வைத்தியம்.

வாங்கறதுக்கு முன்னாடி சிலது தெரிஞ்சுக்கங்க. 2023 ஜூன் 1ல இருந்து, கையெழுத்துப் போடற ரகசியச் சாவியை சும்மா ஃபைலா கொடுக்க மாட்டாங்க, யுஎஸ்பி டோக்கன் மாதிரி ஒரு ஹார்டுவேர்லயோ அவங்க கிளவுட்லயோதான் இருக்கணும்னு விதி. அந்த டோக்கனை யாருக்கும் கடன் கொடுக்காதீங்க, உங்க பேர்ல மால்வேர் வெளிய வந்தா துடைக்கவே முடியாது. கையெழுத்துப் போடும்போது டைம்ஸ்டாம்ப், அதாவது எப்ப போட்டதுங்கற நேர முத்திரை, கட்டாயம் சேருங்க, இல்லன்னா சர்டிபிகேட் காலாவதியாகற அன்னைக்கு பழைய வெர்ஷனோட கையெழுத்தும் செல்லாம போயிடும். இதை மறந்துட்டு தவிக்கறவங்க நிறைய.

காசு கஷ்டம்னு எழுதியிருந்தீங்க. உங்க சோர்ஸ் கோடை எல்லாரும் பாத்துப் பயன்படுத்தற மாதிரி ஓபன் சோர்ஸா வெளியிட மனசு இருந்தா சைன்பாத் ஃபவுண்டேஷன் அந்த மாதிரி திட்டங்களுக்கு இலவசமா கையெழுத்துப் போட்டுத் தருது, கோடு எங்க இருந்து எப்படி பில்டு ஆச்சுன்னு பாத்துத்தான் தருவாங்க. மைக்ரோசாஃப்டே மாசக் கட்டணத்துல ஒரு கையெழுத்து சேவை நடத்துது, உங்க நாட்டுல தனிநபருக்குத் தர்றாங்களான்னு பாத்துக்கங்க. மூணாவது, மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல எம்எஸ்ஐஎக்ஸ்ங்கற விண்டோஸ் ஆப் பேக்கேஜா போடறது, அங்க போனா அவங்களே கையெழுத்துப் போட்டுடுவாங்க, ஸ்மார்ட்ஸ்கிரீன் தொல்லையே கிடையாது.

இதுல அவசரமும் ஒண்ணு இருக்கு. சில விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்ல ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல்னு ஒண்ணு ஆன்ல இருக்கும். அதுல "பரவால்ல, ஓபன் பண்ணு"ங்கற வழியே கிடையாது, தெரியாத, கையெழுத்தில்லாத புரோகிராம் ஓடவே ஓடாது. அந்த ஸ்கூல்களுக்கு நீங்க என்ன விளக்கம் எழுதினாலும் உதவாது, கையெழுத்து மட்டும்தான் உதவும்.

புகாரை எங்க, எப்படிக் கொடுக்கறது

கூகுள் பக்கம், சைட்டு வெச்சிருக்கறவங்களுக்கு அவங்க இலவசமா தர்ற சர்ச் கன்சோல்ல உங்க சைட்டைச் சேத்து உரிமையாளர்னு நிரூபிங்க. அங்க பாதுகாப்புப் பிரச்சனைகள்னு ஒரு பக்கம் இருக்கு, அரிதான டவுன்லோட்னு உங்க ஃபைல் லிஸ்ட் ஆயிருந்தா அங்கயே ரிவ்யூ கேக்கலாம். மைக்ரோசாஃப்ட் பக்கம் ஃபைலை ஆய்வுக்கு அனுப்ப தனிப் பக்கம் இருக்கு, அனுப்பும்போது "சாஃப்ட்வேர் டெவலப்பர்"ங்கற பிரிவைத் தேர்ந்தெடுங்க, எந்த மெசேஜ் வந்துச்சு, எந்த வெர்ஷன்னு தெளிவா எழுதுங்க. எட்ஜ்ல எச்சரிக்கை வரும்போதே, இது பாதுகாப்பானதுன்னு சொல்ற ஆப்ஷனும் மெனுல இருக்கும். வைரஸ்டோட்டலுக்கு எழுதிப் பிரயோஜனம் இல்ல, அவங்க மத்த ஸ்கேனரோட முடிவைக் காட்டறவங்கதான். அந்த நாலு கம்பெனிக்கும் தனித்தனியா எழுதணும், தப்பான அலாரம் சொல்ல எல்லாருக்கும் ஒரு படிவமோ மெயிலோ இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. திருத்தாமலே திரும்பத் திரும்ப ரிவ்யூ கேக்காதீங்க, எடுத்துட்டு ரிவ்யூ வாங்கி அப்பறம் அதையே மறுபடி போடறதும் வேண்டாம். அப்படி விளையாடற சைட்டுகளை கூகுள் தொடர் குற்றவாளின்னு குறிச்சு 30 நாள் ரிவ்யூ கேக்கவே விடாது.

கேஸ் போட முடியுமான்னு கேட்டீங்க. அமெரிக்காவுல எனிக்மாங்கற கம்பெனி, தன்னோட சாஃப்ட்வேரை தேவையில்லாததுன்னு தடுத்ததுக்காக மால்வேர்பைட்ஸ்ங்கற ஆன்டிவைரஸ் கம்பெனி மேல கேஸ் போட்டுச்சு. போட்டியாளரை ஒழிக்கறதுக்காக தடுத்தா சட்டப் பாதுகாப்பு கிடைக்காதுன்னு 2019ல மேல்முறையீட்டு கோர்ட் சொல்லுச்சு, 2023லயும் எனிக்மா பக்கம் வழக்கு நகர்ந்துச்சு. பாருங்க, அது வருஷக்கணக்கா ஓடின சண்டை, ரெண்டு பக்கமும் வக்கீல் படை. உங்களுக்கு வந்திருக்கறது "தெரியாத ஃபைல்"ங்கற எச்சரிக்கை, அது பொய்யும் இல்ல. இந்த வழில உங்க சக்தியை வீணாக்காதீங்கன்னு மனசார சொல்றேன்.

பெரிய கம்பெனியோட சதியாங்கறதுக்கு, சதின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இந்த முறை சின்ன ஆளுங்களுக்கு அநியாயமா பாரமா இருக்குங்கறதை ஒத்துக்கறேன். லட்சம் பேர் டவுன்லோட் பண்ற ஃபைலுக்கு ஒரே நாள்ல பேர் கிடைச்சுடும், நாப்பது ஸ்கூல் மட்டும் பயன்படுத்தற ஃபைலுக்கு எப்பக் கிடைக்கும்? அதைக் கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு, புகார் படிவத்துலயும் அதை எழுதுங்க.

யூசர்ஸுக்கு என்ன எழுதறது

பழைய அறிவிப்பு இருந்த எடத்துல இப்படிப் போடுங்க, உங்க வார்த்தைல மாத்திக்கலாம்:

"இது புது சாஃப்ட்வேர், அதனால 'அதிகம் பேர் டவுன்லோட் பண்றதில்ல'ன்னு எச்சரிக்கை வரலாம். ஆன்டிவைரஸையோ வேற எந்தப் பாதுகாப்பையோ ஆஃப் பண்ணாதீங்க. ஃபைலை ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ்ல டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பாருங்க, என் பேர் இருக்கணும். எஸ்எச்ஏ-256 கீழ இருக்கு, அதோட ஒத்துப் பாருங்க. ரெண்டும் சரியா இருந்தா மட்டும் 'வெச்சுக்க'ங்கறதை அழுத்துங்க. 'ஆபத்தான ஃபைல்'னு சிவப்பா வந்தாலோ, வேற பேர் இருந்தாலோ, ஓபன் பண்ணாதீங்க, எனக்குச் சொல்லுங்க."

எஸ்எச்ஏவை உங்க சைட்டுல மட்டும் போடாம, சோர்ஸ் கோடு வெக்கற எடத்துலயோ ஸ்கூல்களுக்கு அனுப்பற மெயில்லயோ கூடப் போடுங்க. 2016 பிப்ரவரில லினக்ஸ் மின்ட்ங்கற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தோட சைட்டுக்குள்ள புகுந்தவங்க டவுன்லோட் லிங்க்கையே தங்களோட ஃபைலுக்கு மாத்தி விட்டாங்க, சைட்டு கைமாறிப்போச்சுன்னா அதுல எழுதியிருக்கற எஸ்எச்ஏவையும் அவங்களே மாத்திக்கலாம். கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஒரு ஐடி ஆள் பாத்துக்கற பெரிய ஸ்கூலா இருந்தா அவர்கிட்டயே பேசுங்க, உங்க டொமைனை மட்டும் அனுமதிக்க குரோம்லயும் எட்ஜ்லயும் நிர்வாகிக்கு பாலிசி இருக்கு, ஒவ்வொரு டீச்சரும் தனியா எச்சரிக்கையைத் தாண்ட வேண்டியதில்ல.

மேக் வெர்ஷன் இப்ப வேண்டாம். அங்க ஆப்பிள்கிட்ட நோட்டரைஸ் பண்ணாம, அதாவது அவங்ககிட்ட அனுப்பி சோதிச்சு ஒப்புதல் வாங்காம விட்டா, 2024ல வந்த செக்கோயாங்கற மேக் ஓஎஸ் வெர்ஷன்ல இருந்து செட்டிங்ஸ் உள்ள போய்த்தான் அனுமதி கொடுக்கணும், யூசர்ஸுக்கு ரொம்ப அலைச்சல். அதைவிட நல்ல யோசனை ஒண்ணு சொல்றேன், டைம்டேபிள் கணக்கை பிரவுசருக்குள்ளயே ஓடற வெப் ஆப்பா எழுத முடியுமான்னு பாருங்க. பைத்தானையே பிரவுசருக்குள்ள ஓட்டற பையோடைட்னு (Pyodide) ஒண்ணு இருக்கு, டேட்டா டீச்சரோட கம்ப்யூட்டரை விட்டு வெளிய போக வேண்டியதும் இல்ல. டவுன்லோடே இல்லன்னா தடுக்கவும் ஒண்ணும் இல்ல. உங்க கோடு எவ்வளவு பெருசு, எந்த லைப்ரரி பயன்படுத்தறீங்கங்கறதைப் பொறுத்து இது ஒரு வாரத்து வேலையாவும் இருக்கலாம், ரெண்டு மாசமாவும் இழுக்கலாம்.

கடைசியா உங்க வேலையோட தன்மைக்காக ஒண்ணு. டைம்டேபிள் சாஃப்ட்வேரை எல்லா ஸ்கூலும் வருஷ ஆரம்பத்துல அதே ஒண்ணு ரெண்டு வாரத்துலதான் தேடும், நீங்களும் அந்த நேரத்துலதான் தினமும் ஒரு சின்ன திருத்தம் பண்ணி புது ஃபைல் போடறதா எழுதியிருக்கீங்க. ஒவ்வொரு திருத்தமும் புது எஸ்எச்ஏ, சர்டிபிகேட் கைக்கு வர்ற வரைக்கும் ஒவ்வொண்ணும் முதல்ல இருந்து தெரியாத ஃபைல். ஸ்கூல் திறக்கறதுக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே அந்த வருஷ வெர்ஷனை முடிச்சு கையெழுத்துப் போட்டு ஏத்திடுங்க, உங்களுக்கு நெருங்கின பத்து ஸ்கூலை மட்டும் முதல்ல டவுன்லோட் பண்ணச் சொல்லுங்க, மைக்ரோசாஃப்டுக்கும் அந்த நாலு கம்பெனிக்கும் அன்னைக்கே அனுப்பிடுங்க, சர்ச் கன்சோலையும் ஒரு தடவ பாத்துருங்க. அதுக்கப்பறம் டைம்டேபிளே தப்பா வர்ற அளவுக்குப் பிழை வந்தாலொழிய அந்த ஃபைலைத் தொடாதீங்க.